மாடியில் தொங்கும் சென்சார் என்ன சொல்கிறது? 433 மெகாஹெர்ட்ஸ் வானிலை சிக்னலை ஆர்டுயினோவில் படிக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஒரு சின்ன வானிலைக் கருவி இருந்தது. மேசைமேல் நிற்கும் திரை ஒன்று, மொட்டை மாடியில் நிழலான இடத்தில் தொங்கும் வெள்ளை சென்சார் ஒன்று. ஒருநாள் திரை கீழே விழுந்து உடைந்துபோனது. மாடியில் இருந்த சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை அதன் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. அதாவது கேட்க யாரும் இல்லாவிட்டாலும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அது காற்றில் சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்தப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஓர் ஆர்டுயினோவும் (நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை) ஒரு ரிசீவர் பலகையும் போதும். ரெடிமேடாக லைப்ரரிகள், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள், கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் ஒருமுறையாவது லைப்ரரி இல்லாமல், பல்ஸ்களின் நீளத்தைக் கண்ணால் பார்த்து, பிட் பிட்டாகப் பிரித்துப் படித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அடுத்து எந்த சென்சார் கைக்கு வந்தாலும், அதற்கு லைப்ரரி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வழியில்தான் போகிறது.

எடுத்துக்கொண்டிருப்பது நெக்சஸ் என்று அழைக்கப்படும் வகை. பல பெயர்களில், பல பெட்டிகளில் விற்கப்படும் மலிவான வெப்பநிலை, ஈரப்பத சென்சார்களுக்குள் இருப்பது பெரும்பாலும் இதுவோ, இதன் நெருங்கிய உறவோதான். கற்றுக்கொள்ள இதைவிட எளிதானது எனக்குத் தெரியாது.

அது பேசும் விதம்

இந்த சென்சார்கள் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. கார் சாவி, கேட் ரிமோட், கம்பியில்லா அழைப்பு மணி எனப் பலவும் இதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. பேசும் முறை மிகப் பழையது, மிக எளியது: அலையைப் போடு, நிறுத்து, மறுபடி போடு. டார்ச் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுச் சைகை காட்டுவது போலத்தான். இதற்கு ஆன்-ஆஃப் கீயிங் என்று பெயர்.

நெக்சஸ் வகையில் அலை இருக்கும் நேரம், அதாவது பல்ஸ், எப்போதும் ஏறக்குறைய 500 மைக்ரோ வினாடி. செய்தி பல்ஸில் இல்லை, பல்ஸுக்குப் பின் வரும் மௌனத்தில் இருக்கிறது. 1000 மைக்ரோ வினாடி மௌனம் என்றால் 0. 2000 என்றால் 1. 4000 என்றால் ஒரு செய்தி முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். ஒரு செய்திக்கு 36 பிட். அதே செய்தியை 12 தடவை திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் வரை பேசாமல் இருக்கும்.

ஒரு செய்தி முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 ஒன்றும் 19 பூஜ்யமும் உள்ள செய்தி என்றால், ஒன்றுகளுக்கு 17 × 2500, பூஜ்யங்களுக்கு 19 × 1500, கடைசி மௌனத்துக்கும் அதன் பல்ஸுக்கும் 4500. மொத்தம் 75,500 மைக்ரோ வினாடி, ஒரு வினாடியில் பதிமூன்றில் ஒரு பங்கு. பன்னிரண்டு தடவைக்கும் சேர்த்து ஒரு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. சிவப்பு விளக்கு சிமிட்டும் அந்த ஒரு கணத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மைக்ரோகன்ட்ரோலருக்கு இது அவசரமே இல்லாத வேலை. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகை, ஒரு 500 மைக்ரோ வினாடி பல்ஸுக்குள் 8000 கடிகாரத் துடிப்புகளைக் கடந்துவிடும்.

ரிசீவரில் கஞ்சத்தனம் வேண்டாம்

தேவையான பொருட்கள் குறைவு: ஆர்டுயினோ ஊனோ ஆர்3 அல்லது நானோ, 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் பலகை, பிரெட்போர்டு, ஜம்பர் வயர், ஆன்டெனாவுக்கு ஒரு துண்டு ஒற்றைக் கம்பி வயர். இதில் யோசித்து வாங்க வேண்டியது ரிசீவர் மட்டும்.

கடையில் பச்சைப் பலகையில் ஒரு டிரான்ஸ்மிட்டரும் ஒரு ரிசீவரும் ஜோடியாக, மிக மலிவாகக் கிடைக்கும். எக்ஸ்ஒய்-எம்கே-5வி என்று எழுதியிருக்கும். அது சூப்பர்-ரீஜெனரேட்டிவ் வகை. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1922-இல் கொண்டுவந்த சுற்று. ஒரே டிரான்சிஸ்டரில் பெரிய பெருக்கம் கிடைக்கும் என்பது அதன் பெருமை. ஆனால் அக்கம்பக்கத்து அலைவரிசைகளையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். வெப்பநிலை மாறினால் அதன் அலைவரிசையும் நகரும். அதே ஆம்ஸ்ட்ராங் 1918-இல் கண்டுபிடித்த சூப்பர்ஹெட்டரோடைன் வகைதான் நமக்கு வேண்டும். ஆர்எக்ஸ்பி6, எஸ்ஆர்எக்ஸ்882 போன்ற பலகைகள் அந்த வகை. விலை கொஞ்சம் கூடும்.

நான் முதலில் ஜோடியாக வந்த மலிவான ரிசீவரில்தான் தொடங்கினேன். சென்சாரை மேசைமேல் பக்கத்தில் வைத்தால் கேட்டது. மாடிக்குக் கொண்டுபோனால் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு கான்கிரீட் தளம்தான். நிரலில் தப்பு இருக்கும் என்று மூன்று மாலைகள் அதையே மாற்றி மாற்றி எழுதினேன். ரிசீவரை ஆர்எக்ஸ்பி6-க்கு மாற்றிய அன்றே, ஒரு வரிகூட மாற்றாமல் மாடி சென்சார் தெளிவாகக் கேட்டது. அந்த மூன்று மாலைகளை நீங்களும் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு சொல்கிறேன்.

ஆன்டெனா நீளத்துக்குக் கணக்கு சுலபம். 300-ஐ 433.92-ஆல் வகுத்தால் அலைநீளம் 0.691 மீட்டர். அதில் கால் பங்கு 17.3 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு வயரை வெட்டி ஆன்டெனா ஓட்டையில் சோல்டர் செய்து, நேராக நிமிர்த்தி நிறுத்துங்கள். சுருட்டி வைக்காதீர்கள். பலகையோடு சேர்ந்து வரும் சுருள் ஆன்டெனாவைவிட இந்த நேர் வயர் பல நேரங்களில் நன்றாகவே கேட்கும்.

இணைப்பு

ரிசீவரின் 5 வோல்ட் பின் ஊனோவின் 5 வோல்ட்டுக்கு, கிரவுண்டு கிரவுண்டுக்கு, டேட்டா பின் ஊனோவின் 2-ஆம் எண் பின்னுக்கு. ஊனோவில் வெளி இன்டரப்ட் வசதி (பின்னில் மாற்றம் வந்ததும், ஓடும் வேலையை நிறுத்தி நிரலின் ஒரு பகுதியை அழைப்பது) 2, 3 ஆகிய இரண்டு பின்களில்தான் இருக்கிறது, அதனால்தான் 2. மலிவான பலகையில் நடுவில் இருக்கும் இரண்டு டேட்டா பின்களும் ஒன்றோடொன்று இணைந்தவை, எதில் எடுத்தாலும் சரி. மற்ற பலகைகளில் பின்களின் வரிசை மாறும். பலகையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டே வயரைச் செருகுங்கள்.

இஎஸ்பி32 அல்லது இஎஸ்பி8266 வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. அவை வைஃபை உள்ள 3.3 வோல்ட் பலகைகள். ரிசீவரை 5 வோல்ட்டில் ஓட்டினால் டேட்டா பின்னும் 5 வோல்ட் தரும். அதை நேராகக் கொடுக்காதீர்கள். 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்கள் போட்டுப் பிரித்தால் 3.3 வோல்ட்டாக இறங்கும். 20 கிலோ ஓம் இருப்பது கிரவுண்டு பக்கம்.

அப்புறம், ரிசீவரை மைக்ரோகன்ட்ரோலர் மேலேயே ஒட்டினாற்போல் வைக்க வேண்டாம். பலகையும், யுஎஸ்பி வயரும், போன் சார்ஜரும், சில எல்இடி விளக்குகளும் இரைச்சலைக் கக்குகின்றன. நீளமான ஜம்பர் வயரில் ஓர் அடி தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். ரிசீவரின் பவர் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 100 நானோ ஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள்.

முதலில் கேட்க மட்டும் செய்யுங்கள்

இணைத்ததும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது: சென்சார் பேசாத நேரத்திலும் டேட்டா பின் கண்டபடி துடிக்கிறதே, பலகை கெட்டுப்போய்விட்டதா? கெடவில்லை. சிக்னல் இல்லாதபோது ரிசீவர் தன் பெருக்கத்தை ஏற்றிக்கொண்டே போகும். கடைசியில் காற்றின் இரைச்சலையே பெரிதாக்கி வெளியே தள்ளும். கூட்டம் இல்லாத மண்டபத்தில் மைக்கின் ஒலியை முழுக்கக் கூட்டி வைத்தால் இரைவது போலத்தான். உண்மையான சிக்னல் வந்ததும் பெருக்கம் தானாக இறங்கிவிடும், இரைச்சலும் அடங்கிவிடும். ஆகவே இரைச்சலுக்கு நடுவில் பேச்சைக் கண்டுபிடிப்பது நம் நிரலின் முதல் வேலை.

முதல் ஸ்கெட்ச், அதாவது ஆர்டுயினோ நிரல், எதையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். அது செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

2-ஆம் பின் உயரும்போதும் இறங்கும்போதும் இன்டரப்ட் அழைக்கப்பட வேண்டும். இன்டரப்டுக்குள், இப்போதைய மைக்ரோ வினாடிக் கணக்கிலிருந்து போன தடவைக் கணக்கைக் கழித்து, அந்த வித்தியாசத்தை ஒரு வரிசையில் போட வேண்டும். வரிசை நிறைந்ததும் பதிவை நிறுத்திவிட்டு, முக்கிய லூப்பில் அவற்றை சீரியல் மானிட்டருக்கு (பலகை அனுப்புவதைக் கணினியில் காட்டும் சாளரம்) அச்சிட வேண்டும்.

இதில் மூன்று இடங்களில் புதியவர்கள் வழுக்குவார்கள். இன்டரப்டுக்குள் அச்சிடக் கூடாது. சீரியல் வழியாக வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓர் எழுத்து போகவே 87 மைக்ரோ வினாடி ஆகும். ஓர் எண்ணை அச்சிட்டு முடிப்பதற்குள் அடுத்த பல்ஸ் வந்துவிடும். இரண்டாவது, இன்டரப்டும் லூப்பும் பகிர்ந்துகொள்ளும் மாறிகளை வொலட்டைல் என்று அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பைலர் பழைய மதிப்பையே வைத்துக்கொண்டு உங்களைச் சுற்றவிடும். மூன்றாவது, ஊனோவில் இருக்கும் ரேம் 2 கிலோபைட்தான். நீளங்களை 32 பிட்டில் சேமிக்காமல் 16 பிட்டில் சேமியுங்கள், 65,535-ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 400 நீளங்களுக்கு 800 பைட் போகும், மீதி இடம் தாராளமாக இருக்கும்.

பதிவை எப்போது தொடங்குவது? சென்சாரின் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் உடனே ஒரு தடவை பேசிவிடும். சில சென்சார்களில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். சென்சாரை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். ரிசீவருக்கு முட்டக் கொடுத்தால் சிக்னல் அளவுக்கு மீறி வலுத்து, பல்ஸின் வடிவமே கெட்டுப்போகும்.

கணினியில் ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் இருந்தால் இந்தக் கட்டத்தில் பெரிய உதவி. டிவி பார்ப்பதற்காக விற்கப்பட்ட, ஆர்டிஎல்2832யு சிப் உள்ள யுஎஸ்பி டாங்கிள்தான் அது. 2012-இல் அதைப் பல அலைவரிசைகளையும் கேட்கும் ரேடியோவாக மாற்றிவிட்டார்கள். ஆர்டிஎல்-433 என்ற இலவச மென்பொருளை அதோடு ஓட்டினால், அக்கம்பக்கத்தில் பேசும் சென்சார்களை வகை பிரித்துக் காட்டிவிடும். நாம் பிரித்த விடை சரியா என்று ஒத்துப்பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம். டாங்கிள் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

எண்களைப் பார்ப்பது

பதிவில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும்: 88, 132, 40, 216, 64, 380, 52... இது இரைச்சல். சின்னச் சின்னதாக, ஒழுங்கில்லாமல் வரும். கீழே போய்க்கொண்டே இருங்கள். திடீரென்று எண்கள் ஒழுங்குக்கு வரும். இடப்பக்கம் பல்ஸ், வலப்பக்கம் அதன்பின் வந்த மௌனம்:

528 — 3904
524 — 1932
508 — 948
520 — 1936
512 — 944
412 — 1044

முதன்முதலில் இந்த ஒழுங்கைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இரைச்சலுக்குள்ளிருந்து ஒருவர் நம்மிடம் பேசுகிறார் என்பது எண்களிலேயே தெரிந்துவிடும்.

எல்லாம் நான்கின் மடங்காக இருப்பதைக் கவனித்தீர்களா? ஊனோவின் மைக்ரோ வினாடிக் கணக்கு நான்கு நான்காகத்தான் நகரும். அதனால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இதைவிட முக்கியமானது கடைசி வரி. அங்கே பல்ஸ் 412 ஆகச் சுருங்கி, மௌனம் 1044 ஆக நீண்டிருக்கிறது. சிக்னல் வலுத்தால் ரிசீவர் பல்ஸை நீட்டும், மெலிந்தால் சுருக்கும். பல்ஸ் இழந்ததை மௌனம் எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 512 + 944 = 1456. 412 + 1044 = 1456. கூட்டுத்தொகை அசையவே இல்லை.

ஆகவே மௌனத்தை மட்டும் அளக்காதீர்கள். ஒரு பல்ஸ் எழுவதிலிருந்து அடுத்த பல்ஸ் எழும்வரை உள்ள மொத்த நேரத்தை அளந்துகொள்ளுங்கள். 1500-ஐ ஒட்டினால் 0, 2500-ஐ ஒட்டினால் 1, 4500-ஐ ஒட்டினால் செய்தியின் எல்லை. இந்த ஒரு மாற்றத்திலேயே, தூரத்து சென்சாரிலிருந்து எனக்குச் சரியாக வந்துசேரும் செய்திகள் கண்கூடாக அதிகமாயின. பல்ஸின் நீளத்தை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். 200-க்குக் கீழே அல்லது 900-க்கு மேலே இருக்கும் பல்ஸ் இரைச்சல், தள்ளிவிடலாம்.

பிட்டாக மாற்றுவது

இப்போது இரண்டாவது ஸ்கெட்ச். இது ஓடும்போதே புரிந்துகொள்ள வேண்டும். வரைமுறை இப்படி:

பின் இறங்கும்போது, அதுவரை இருந்த பல்ஸின் நீளத்தைக் குறித்துக்கொள். பின் உயரும்போது, போன உயர்விலிருந்து இப்போதுவரை எவ்வளவு நேரம் என்று பார்.
பல்ஸ் 200-க்கும் 900-க்கும் நடுவில் இல்லையென்றால் எண்ணிக்கையை பூஜ்யமாக்கு.
மொத்த நேரம் 1200 முதல் 1900 வரை என்றால், இருப்பதை இடப்பக்கம் ஓர் இடம் நகர்த்தி 0 சேர். 
2100 முதல் 2900 வரை என்றால், நகர்த்தி 1 சேர். 
4000 முதல் 5000 வரை என்றால், எண்ணிக்கை சரியாக 36 ஆக இருக்கிறதா என்று பார். இருந்தால் செய்தியைப் பத்திரப்படுத்தி, வந்துவிட்டது என்று கொடி ஏற்று. எப்படியானாலும் எண்ணிக்கையை பூஜ்யமாக்கு. 
வேறு எந்த நீளமாக இருந்தாலும் எண்ணிக்கையை பூஜ்யமாக்கு.

36 பிட்டைச் சேர்த்துவைக்க 64 பிட் மாறி ஒன்று போதும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஊனோவின் சீரியல் அச்சுக்கு 64 பிட் எண்ணை நேராக அச்சிடத் தெரியாது. மேல் 4 பிட்டையும் கீழ் 32 பிட்டையும் தனித்தனியாக எடுத்துக் காட்டுங்கள். அல்லது 35-இலிருந்து 0 வரை ஒவ்வொரு பிட்டாக ஒரு சின்ன லூப்பில் அச்சிடுங்கள். முதல் நாட்களில் இரண்டாவது வழிதான் நல்லது. பிட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

செய்தியை லூப்பில் எடுக்கும் அந்த நொடியில் இன்டரப்டை நிறுத்தி, நகல் எடுத்து, மறுபடி திறந்துவிடுங்கள். 8 பிட் சிப் 64 பிட் எண்ணை ஒரே மூச்சில் நகலெடுக்காது. பாதியில் இன்டரப்ட் வந்து மாற்றிவிட்டால் முன்பாதி பழையதும் பின்பாதி புதியதுமாக ஓர் எண் வரும். எப்போதாவது ஒருமுறை மட்டும் நிகழும் இந்தத் தப்பைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

36 பிட்டுக்குள் என்ன இருக்கிறது

ஒரு மாலை மாடியிலிருந்து வந்த செய்தி, பிரித்து எழுதினால்:

10100101 1000 000100011100 1111 01000111

முதல் 8 பிட் அடையாள எண். இங்கே 165. பேட்டரி மாற்றும்போது சென்சார் தனக்குத்தானே புதிதாக வைத்துக்கொள்ளும் எண் இது.

அடுத்த 4 பிட்டில் முதலாவது பேட்டரி நிலை. 1 என்றால் நன்றாக இருக்கிறது, 0 என்றால் தீரப்போகிறது. இரண்டாவது எப்போதும் 0. கடைசி இரண்டும் சானல். 00 என்றால் 1-ஆம் சானல், 01 என்றால் 2, 10 என்றால் 3. பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே தெரியும் சின்ன நகர்த்து சுவிட்ச் மாற்றுவது இந்த இரண்டு பிட்டைத்தான்.

அடுத்த 12 பிட் வெப்பநிலை, பத்தால் பெருக்கியது. 000100011100 என்பது 256 + 16 + 8 + 4 = 284. அதாவது 28.4 டிகிரி செல்சியஸ். பின் வரும் 1111 மாறவே மாறாது. கடைசி 8 பிட் ஈரப்பதம். 01000111 என்பது 71, அதாவது 71 சதவீதம்.

இந்த வரைபடத்தை நான் கொடுத்துவிட்டேன். ஆனால் யாரும் கொடுக்காத சென்சார் கைக்கு வந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. இந்த சென்சாரிலேயே பழகிக்கொள்ளுங்கள். சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, வரும் செய்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டு இதற்கு மிக வசதி, கட்டத்துக்கு ஒரு பிட். வெப்பநிலைப் பகுதியை மட்டும் காட்டுகிறேன்:

0001 0001 1100
0001 0001 1101
0001 0001 1110
0001 0010 0011

நெட்டுவாக்கில் பாருங்கள். இடப்பக்க நெடுவரிசைகள் அசையவில்லை. வலப்பக்கம் மட்டும் துள்ளுகிறது. கடைசி பிட் அடிக்கடி மாறுகிறது, அதற்கு முந்தையது கொஞ்சம் குறைவாக. இருமத்தில் எண்ணும் எந்த எண்ணும் இப்படித்தான் நடந்துகொள்ளும். வலப்பக்கம் போகப்போக எங்கே துள்ளல் நிற்கிறதோ அதுதான் எண்ணின் வலது ஓரம். இந்த நான்கும் 284, 285, 286, 291. கையின் சூடு ஏறுவது அப்படியே தெரிகிறது.

இதே வழியில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சானல் சுவிட்சை நகர்த்துங்கள், எந்த பிட் மாறுகிறது என்று வட்டமிடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள், அடையாள எண் இருக்கும் இடம் தெரியும். வாயால் ஊதுங்கள், ஈரப்பதம் ஏறும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஃப்ரீசர் சோதனை

நம் ஊரில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க இதே சென்சார் எவ்வளவு உதவும் என்று பின்னால் தெரியவரும். சென்சாரை ஒரு ஜிப் உறைக்குள் போட்டு மூடி ஃப்ரீசரில் வையுங்கள். உறை ஏன் என்றால், வெளியே எடுக்கும்போது ஈரம் படிந்து சர்க்யூட் கெட்டுப்போகக் கூடாது. கதவின் ரப்பர் வழியாக சிக்னல் கசிந்து வெளியே வந்துவிடும், ரிசீவரைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனால் போதும்.

நான் செய்தபோது 2.1, 0.8 என்று ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்தது. அடுத்து 406.1 டிகிரி என்று காட்டியது. பிட்டைப் பார்த்தால் 111111011101. நேராகப் படித்தால் 4061. ஆனால் 12 பிட்டில் எதிர் எண்களை எழுதும் முறையில், மேல் பிட் 1 என்றால் அது எதிர் எண். 2048-ஓ அதற்கு மேலோ இருந்தால் 4096-ஐக் கழிக்க வேண்டும். 4061 − 4096 = −35. அதாவது −3.5 டிகிரி. நிரலில் ஒரே ஒரு வரி சேர்ப்பதுதான் வேலை. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் பகல் முழுக்கச் சரியாகக் காட்டிவிட்டு, முதன்முதலாகக் குளிரும் நேரத்தில் காலை வாரிவிடும்.

எதை நம்புவது

நெக்சஸ் வகையின் பெரிய குறை, இதில் செக்சம் (செய்தி சரியா என்று சரிபார்க்க உதவும் எண்) இல்லை. வழியில் ஒரு பிட் புரண்டுபோனால், தப்பு என்று சொல்ல செய்திக்குள் ஒன்றுமே இல்லை. 256-க்கு உரிய பிட் ஒன்று புரண்டால் 28.4 என்பது 2.8 ஆகிவிடும். பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும். அதுதான் ஆபத்து.

அதனால் நான்கு சல்லடை வைத்திருக்கிறேன். ஒன்று, 1111 இருக்க வேண்டிய இடத்தில் 1111 இருக்க வேண்டும். இரண்டு, பேட்டரி பிட்டை அடுத்தது 0 ஆக இருக்க வேண்டும். மூன்று, ஈரப்பதம் 100-ஐத் தாண்டக் கூடாது, வெப்பநிலை −40-க்கும் 60-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நான்காவதுதான் எல்லாவற்றிலும் வலுவானது: ஒரே வினாடிக்குள், 36 பிட்டும் அப்படியே ஒத்துப்போகும் செய்தி குறைந்தது மூன்று தடவை வந்திருக்க வேண்டும். சென்சார் பன்னிரண்டு தடவை சொல்வதே இதற்காகத்தான். இரைச்சல் ஒரே பொய்யை மூன்று தடவை சொல்வது மிக அரிது. இந்த நான்கையும் போட்ட பிறகு தப்பான அளவு ஒன்றுகூட என் பதிவில் ஏறவில்லை.

அதற்குப் பதிலாக, கடைசியாக வந்த பத்து அளவுகளின் சராசரியை எடுத்துத் தப்பை மழுப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மழை தொடங்கும்போது வெப்பநிலை சட்டென்று இறங்கும், அந்த இறக்கத்தைப் பார்க்கத்தானே சென்சார் வைத்திருக்கிறோம்? சராசரி அதை மறைத்துவிடும். தப்பான செய்தியை வாசலிலேயே நிறுத்துங்கள். உள்ளே விட்டபிறகு கலக்கிக் கரைக்க வேண்டாம்.

உங்கள் சென்சார் வேறு வகை என்றால்

36 பிட் வராமல் வேறு எண்ணிக்கை வந்தாலும் மேலே சொன்ன வழிகள் அப்படியே பொருந்தும். சிலவற்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி பல்ஸில் இருக்கலாம், மௌனத்தில் இல்லாமல். அக்யூரைட் டவர் சென்சாரில் நீண்ட பல்ஸ் 1, குறுகிய பல்ஸ் 0. 400 மைக்ரோ வினாடிக்கும் 200-க்கும் சற்று மேலாக இரண்டு நீளங்கள் மாறி மாறி வரும். அங்கே வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி 1000 கூட்டி அனுப்புகிறார்கள். எதிர் எண்ணே வராது. நம் 28.4 அங்கே 1284 ஆக இருக்கும்.

நீளங்கள் 490-ஐ ஒட்டியும் 980-ஐ ஒட்டியும் மட்டுமே வந்து, பல்ஸிலும் மௌனத்திலும் இரண்டும் கலந்து இருந்தால் அது மான்செஸ்டர் குறியீடாக இருக்கலாம். ஓரிகான் சயின்டிஃபிக் சென்சார்கள் இந்த வகை. இதில் நீளத்தைப் பார்த்து பிட் சொல்ல முடியாது. ஒரு பிட்டுக்கு உரிய நேரத்தின் நடுவில் சிக்னல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களின் 2.1 பதிப்பில் ஒவ்வொரு பிட்டும் முதலில் தலைகீழாகவும் பிறகு நேராகவும் இரண்டு தடவை வரும். வெப்பநிலையும் பத்தின் இலக்கங்களாக, கடைசி இலக்கம் முதலில் என்று வரும். 28.4 என்பது 4, 8, 2. இவற்றில் செக்சம் உண்டு, அது பெரிய நிம்மதி.

சென்சாரின் பின்புறம் 868 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் 433 ரிசீவர் அதைக் கேட்காது. லாக்ராஸ் டிஎக்ஸ்29 போன்றவை 868.3-இல், அலையை நிறுத்தி நிறுத்திப் போடாமல் அலைவரிசையை மாற்றி மாற்றிப் பேசுகின்றன. அதற்கு ஆர்எஃப்எம்69 அல்லது சிசி1101 பலகை வேண்டும். எஸ்பிஐ (சிப்புகள் தமக்குள் பேசும் வயர் இணைப்பு) வழியாக இணைத்து, வேகத்தையும் அலைவரிசை விலகலையும் அமைத்துக் கொடுத்தால், பிட்டுகளை அதுவே பைட்டுகளாக்கிக் கொடுத்துவிடும்.

கேட்கும்போது அடுத்த வீட்டு சென்சாரும், யாருடைய கார் சாவியோ, கேட் ரிமோட்டோகூட உங்கள் பதிவில் விழும். சென்சார் அல்லாதவற்றைச் சேமித்து வைக்காதீர்கள், திருப்பி ஒலிபரப்பவே கூடாது. ஜோடியாக வாங்கியவர்கள் அந்த டிரான்ஸ்மிட்டரைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், இந்த வேலைக்கு அது தேவைப்படாது.

வீட்டு வேலைக்குக் கொண்டுவருவது

ஊனோவில் எல்லாம் சரியாக வந்த பிறகு நான் இஎஸ்பி32-க்கு மாற்றிக்கொண்டேன். மாற்ற வேண்டியிருந்தவை இரண்டுதான். இன்டரப்ட் பகுதி ரேமில் இருக்கும்படி ஐரேம் என்று குறிக்க வேண்டும். நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைத் தொட முடியாத ஒரு கணத்தில் இன்டரப்ட் வந்தால், அந்தக் குறி இல்லாத பலகை ரீசெட் ஆகிவிடும். இரண்டாவது, முன்பே சொன்ன ரெசிஸ்டர் ஜோடி. வைஃபை வழியாக எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறையில் அளவை அனுப்பினால், வீட்டில் எந்தத் திரையிலும் காட்டலாம். எங்கள் சமையலறையில் ஒரு பழைய போன் சுவரில் மாட்டியிருக்கிறது. வடாம் பிழியும் நாட்களில் அம்மா காலையில் முதலில் பார்ப்பது அதில் தெரியும் ஈரப்பத எண்ணைத்தான். இரண்டாவது சென்சார் ஒன்று ஃப்ரிட்ஜுக்குள் 2-ஆம் சானலில் இருக்கிறது. மின்சாரம் போய் வந்த நாட்களில் உள்ளே எவ்வளவு ஏறியது என்று அது சொல்லிவிடும்.

அடையாள எண்ணை மட்டும் நிரலில் நிலையாக எழுதி வைக்காதீர்கள். சானலை வைத்து அடையாளம் காணுங்கள். அந்தச் சானலில் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, வேறு எண்ணில் வருவதைத் தள்ளுங்கள். அடுத்த வீட்டு சென்சாரும் அதே சானலில் இருக்கலாம் இல்லையா? ஆனால் நம் எண் பத்து நிமிடமாகக் கேட்காமல், அதே சானலில் ஒரு புதிய எண் தொடர்ந்து ஐந்து தடவை கேட்டால், அதை நம்முடையதாக ஏற்றுக்கொள்ளும்படி எழுதுங்கள்.

இந்த விதி எனக்கு உதவிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பேட்டரி பிட் 1-இலிருந்து 0-க்கு மாறியதும் போனில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. மாலையில் மாடிக்குப் போய் இரண்டு பேட்டரியையும் மாற்றினேன். கீழே இறங்கி வந்து சீரியல் மானிட்டரைத் திறந்தேன். 165 காணாமல் போயிருந்தது. 1-ஆம் சானலில் 38 என்று ஒரு புதிய எண் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, தள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. பத்தாவது நிமிடம் கடந்ததும், அடுத்து வந்த செய்தியிலேயே சமையலறைப் போனில் சிவப்புப் புள்ளி போய், 27.9 என்று வந்துவிட்டது.